கோடரிக் காம்பு மரங்கள்

கோடரிக் காம்பு என்பது கோடரியின் இரும்புத் தலையில் பொருத்தப்படும் மரக் கைப்பிடி ஆகும். பேச்சு வழக்கில் கோடாலிக் காம்பு என்பர். ஒவ்வொரு வெட்டின் அதிர்ச்சியையும் காம்பே தாங்குகிறது. அது முறிந்தால் இரும்புத் தலை பறந்து அருகில் நிற்பவரைக் காயப்படுத்தக்கூடும். கையால் காம்பு செய்வோர் சிலர் அழகு கருதிக் கருநிற மரத்தை நாடுகின்றனர். கறுத்த மரம் வைரம் பாய்ந்தது, எனவே முறியாது என்ற எண்ணமும் உண்டு. இது சரியன்று.

நிறமும் உறுதியும்

மரத்தின் நடுப்பகுதியான வைரக்கட்டை, அதில் படியும் வேதிப்பொருட்களால் கருமை அடைகிறது. இவை பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்க உதவுகின்றன. மரம் கறுத்திருப்பதால் மட்டும் அதன் அதிர்ச்சி தாங்கும் திறன் கூடிவிடுவதில்லை. வட அமெரிக்காவில் காம்புக்குப் பெயர்பெற்றது ஹிக்கரி மரம். அங்கு நம்பிக்கை நேர்மாறாக இருந்தது: அதன் வெளிறிய சாற்றுக்கட்டையே சிறந்தது எனக் கருதினர். விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள அமெரிக்க வனப்பொருள் ஆய்வகத்தின் சோதனைகளில், எடை ஒத்திருந்தால் செந்நிறக் கட்டையும் வெண்ணிறக் கட்டையும் ஒரே உறுதி உடையவை எனத் தெரியவந்தது.

அதிர்ச்சி தாங்கும் திறனை அளக்க, மரச்சட்டத்தின் மீது ஒரு எடையைப் படிப்படியாக உயரம் கூட்டி விழச் செய்வர். 12% ஈரப்பதத்தில், ஷாக்பார்க் ஹிக்கரி ஏறத்தாழ 170 செ.மீ. உயரத்திலும், வெள்ளை ஆஷ் 110 செ.மீ. உயரத்திலும் முறிகின்றன. கருநிறம் கொண்ட கறுப்பு வால்நட் 86 செ.மீ. உயரத்திலேயே முறிந்துவிடுகிறது.

சில கருநிற மரங்கள்

கருங்காலி மிகக் கடினமானது. ஆனால் கடினமான மரம் அதிர்ச்சி தாங்கும் மரமாக இருக்கவேண்டும் என்பதில்லை. நீண்ட, மெல்லிய காம்புக்கு இது ஏற்றதன்று. தமிழில் காசுக்கட்டி தரும் வேறொரு மரத்துக்கும் கருங்காலி என்றே பெயர். வாங்கும்போது எது என்று கேட்டறிய வேண்டும். (கோடரிக்காம்பு, கருங்காலி ஆகிய இரு சொற்களுமே தமிழில் இனத்துரோகியைக் குறிக்கும் வசைச்சொற்கள்.) ஈட்டி மரம் உள்ளிட்ட தால்பெர்ஜியா பேரினம் முழுவதன் பன்னாட்டு வணிகமும் 2017 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. கருவேலம் ஏர், வண்டிச்சக்கரம், கருவிப் பிடி ஆகியவற்றுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது. இதன் செம்பழுப்பு வைரக்கட்டை நாட்பட நாட்படக் கருக்கும். தமிழ்நாட்டில் இருப்போர் முதலில் கருதத்தக்கது இதுவே.

இழை ஓட்டம்

எம்மரமாயினும் இழைகள் காம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடவேண்டும். இழை பக்கவாட்டில் சரிந்து வெளியேறும் இடத்திலேயே காம்பு பிளக்கும். கணு உள்ள துண்டை ஒதுக்கிவிடலாம். நன்கு உலராத மரம் பின்னர் சுருங்குவதால், ஆப்பு அடித்திருந்தாலும் தலை தளர்ந்துவிடும்.

நிறமேற்றுதல்

உறுதியான வெளிர்நிற மரத்தையே கருமையாக்கவும் இயலும். இரும்புத் துகள்களைச் சில நாட்கள் வினிகரில் ஊறவைத்துப் பூசினால், மரத்தில் உள்ள டானினுடன் இரும்பு வினைபுரிந்து கருநிறம் தரும். டானின் குறைந்த மரமெனில் முதலில் கடுந்தேயிலைச் சாற்றைப் பூசவேண்டும். உலர்ந்தபின் ஆளிவிதை எண்ணெய் தடவலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்த வேண்டும்.