தேன் தராத தேனீ

முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்கு வண்டைப் பற்றிப் பாடஞ் சொல்லி வருகின்றேன். சுரும்பு, ஞிமிறு, தும்பி, அளி என்று அதன் பெயர்களை நிகண்டு முறையில் ஒப்புவிக்கச் செய்வேன். தொல்காப்பியத்து மரபியல் தும்பியை நண்டோடு கூட்டி நாலறிவுயிராக வைத்ததை எடுத்துக் காட்டுவேன். மருதத்திணைச் செய்யுள் வந்தால், மலர்விட்டு மலர் தாவும் வண்டு பரத்தையிற் பிரியும் தலைவனுக்கு உவமை என்று விரித்துரைப்பேன். ஒரு நாள் அவ்வாறு விரித்துரைத்துக்கொண்டிருந்தபோது, மேசைமேற் கிடந்த நூலின்மீது மரத்தூள் உதிர்ந்தது. அண்ணாந்து பார்த்தேன். கூரை வளையில் விரல் நுழையும் அளவில் வட்டமான துளையொன்று. அதிலிருந்து ஒரு கருவண்டு பின்னோக்கி நகர்ந்து வெளிவந்தது.

எல்லவில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில், தேயிலை மலைகளினிடையே அமைந்தது எங்கள் பாடசாலை. பழைய கட்டடம், மரம் கெட்டால் மாற்றுவதற்குப் பணம் எளிதிற் கிடையாது. பிள்ளைகளோ வண்டைக் கண்டு அலறினர். ஆகவே சீமெந்துச் சாந்து குழைத்து, வளையிலிருந்த நான்கு துளைகளையும் அடைக்கச் செய்தேன். மரத்தைக் காத்துவிட்டேன் என்ற மனநிறைவு எனக்கு.

பாடசாலைக்குப் பின்புறம் மாணவர் நட்ட கொடித்தோடைப் பந்தல் ஒன்று உண்டு. அவ்வாண்டு பந்தல் நிறையப் பூத்தது, பூவெல்லாம் உதிர்ந்தது, பத்துக் காய்கூடத் தேறவில்லை. உரம் போதாது என்றார் ஒருவர். காற்று மிகுதி என்றார் மற்றொருவர். கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர், பேத்தியை அழைத்துப் போக வந்தவர், பந்தலையும் கூரையையும் மாறிமாறிப் பார்த்தார். "வாத்தியாரையா, வண்டு வீட்டுக் கதவ அடைச்சுப்புட்டுக் காய்க்குக் காத்திருந்தா எப்படிங்க?" என்றார்.

நிகண்டு கற்ற எனக்கு அவ்வினாவுக்கு விடை தெரியவில்லை. அன்று முதல் நூல்களைத் தேடினேன். நண்பகல் இடைவேளையிற் பந்தலடியிலும் நின்றேன்.

இக்காலப் பாடநூல்கள் வன்மையான மேற்சிறகுடைய பூச்சிகளை வண்டு என்கின்றன. கருவண்டு அவ்வினத்ததன்று, தேனீயின் சுற்றத்தது. ஆயினும் அதற்குக் கூட்டமில்லை, அரசியில்லை, தேனடையில்லை. பெண் ஒன்றே பட்ட மரத்தை வாயாற் குடைகிறது; மரத்தை உண்பதில்லை, தூளைப் புறத்தே தள்ளுகிறது. உள்ளே மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து வைத்து, அதன்மேல் முட்டையொன்று இட்டு, மரத்தூளாற் சுவரெழுப்பி அறையை மூடுகிறது. பின்னர் அடுத்த அறை. ஆணுக்கு இவ்வேலை எதுவுமில்லை. முகத்துக்கு நேரே இரைந்து வந்து நம்மை மிரட்டுவது பெரும்பாலும் அந்த ஆண்தான். அதற்குக் கொடுக்கே கிடையாது!

மஞ்சட் கொடித்தோடை நண்பகலளவில் மலர்வது. வேறொரு கொடியின் மகரந்தம் சேர்ந்தாலன்றிக் காய்க்காதது. அதன் மகரந்தப் பைகளும் சூல்முடிகளும் தேன் சுரக்கும் இடத்துக்கு மேலே உயர்ந்து நிற்கின்றன. சிறிய தேனீ அவற்றின் அடியில் நுழைந்து, தேனருந்திப் போய்விடும். கருவண்டின் அகன்ற முதுகே அவற்றை உரசும். கத்தரிப் பூவின் மகரந்தப் பைக்கு நுனியில் நுண்துளை மாத்திரமே உண்டு. கருவண்டு அதனைப் பற்றிக்கொண்டு மார்புத் தசையை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கிறது. நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீ இவ்வித்தையை அறியாது.

உலகிற் பெயரிடப்பட்ட தேனீயினங்கள் 20,000க்கு மேற்பட்டவை. அவற்றிற் பெரும்பான்மை தனித்து வாழ்வன. இலங்கையில் ஏறத்தாழ 150 இனங்கள் பதிவாகியுள்ளன. தேன் சேர்த்து வைப்பன மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ என நான்கே. ரோசா இலையில் நாணயம் வெட்டினாற் போல வட்டம் காணப்பட்டால், அது இலைவெட்டித் தேனீயின் வேலை. அவ்விலைத் துண்டுகளே அதன் பிள்ளைக்குத் தொட்டில். அத்தாய் பெண் முட்டைகளைத் துளையின் உட்புறத்திலும் ஆண் முட்டைகளை வாயிலருகிலும் இடுகிறது. பெரும்பாலும் பிள்ளை வெளிவருமுன் தான் மடிகிறது. காணப்போகாத பிள்ளைக்கு உணவு கட்டி வைக்கும் தாய் அது! இன்னும் பல இனங்கள் வெயில் படும் வெற்று மண்ணில் வளை தோண்டுவன. தேயிலை மூடிய சரிவில் அவற்றுக்கு இடம் அரிது. பாதையோர மண்மேட்டில்தான் தேட வேண்டும்.

எங்கள் மலையில் தேயிலையும், ஆஸ்திரேலியாவுக்குரிய சவுக்கும், தென்னமெரிக்காவுக்குரிய கொடித்தோடையும் கடல் கடந்து வந்தவை. எங்கள் முன்னோரும் அப்படியே வந்தவர்கள். தனிவாழ் தேனீக்களும் கடல் கடக்கின்றன. மரத்துளையிற் கூடு வைப்பவை மரத்தோடு கப்பலேறுவது எளிது. இந்தியத் துணைக்கண்டத்துக்குரிய மெகாச்சிலி லனாட்டா என்னும் தேனீ இன்று மேற்கிந்தியத் தீவுகளிலும் புளோரிடாவிலும் குடியேறி வாழ்கிறது. எல்லாக் குடியேற்றமும் தீங்கற்றதன்று. கிழக்காசியாவிலிருந்து 1990களில் வட அமெரிக்கா சென்ற மற்றொரு மெகாச்சிலி இனம், அந்நாட்டுக் கருவண்டை அதன் துளையினின்றும் துரத்தி இடங்கொள்வதாகக் கண்டிருக்கின்றனர். ஆனால் எங்கள் பந்தலில் நடப்பது வேறு. எங்கிருந்தோ வந்த கொடிக்கு இம்மண்ணின் வண்டு காய் கொடுக்கிறது. அந்த வண்டின் வாயிலைத்தான் நான் அடைத்தேன்.

மறு விடுமுறையில் ஏணி வைத்துச் சாந்தைப் பெயர்த்தோம். மூன்று துளைகளுக்கு அருகே புதுத்துளை குடைந்து வண்டுகள் தப்பியிருந்தன. நான்காவதில் தாய் வண்டு உலர்ந்து கிடந்தது. அதன்பின் மூடி முடியாத அறையில், காய்ந்த மகரந்த உருண்டை. ஏணியைப் பிடித்திருந்த மாணவன் "என்ன ஐயா?" என்று வினவினான். அதனைக் கையில் ஏந்திக் காட்டினேன். விளக்கம் சொல்ல நா எழவில்லை.

வளையைக் கைவிட முடியாது. ஆதலின் அதற்கு வண்ணம் பூசினோம்; பட்ட சவுக்குக் கட்டைகளையும் உலர்ந்த மூங்கில்களையும் பந்தலருகே கூரைத் தாழ்வாரத்திற் கட்டினோம். வேலியோரம் ஒரு பாய் அளவு மண்ணை வெறுமையாக விட்டோம். அடுத்த பருவத்தில் இரண்டு கட்டைகளிலிருந்து தூள் உதிர்ந்தது. பந்தலிற் காய் பிடித்தது. முதற் பழங்களை அம்மூதாட்டியின் பேத்தியிடம் கொடுத்தனுப்பினேன்.

மருதப் பாட்டை இன்றும் நடத்துகின்றேன். புலவர் பிழை செய்தாரில்லை. என் விளக்கந்தான் பாதியில் நின்றது. மலர்விட்டு மலர் செல்வதெல்லாம் திரிவதன்று, அவற்றுட் பல பிள்ளைக்கு உணவு தேடும் தாய்கள் என்பதையும் இப்போது சேர்த்துச் சொல்லுகின்றேன். ஆசிரிய அன்பர்களும் அவ்வாறு சொல்வாராக. சொல்லுமுன் மாணாக்கரை வெளியே அழைத்துச் சென்று, ஒரு பூவின் அருகே கால் நாழிகை நிறுத்துவாராக.