பாபநாசத்துத் தண்ணீரும் ரேஷன் அரிசியும்

பாபநாசம் அணையின் கொள்ளளவு உயரம் 143 அடி. தென்மேற்குப் பருவமழையில் அணை நிறைந்து ஜூனில் தண்ணீர் விட்டால் தாமிரபரணிப் பாசனத்தில் கார் சாகுபடி நடக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பி நடுவது பிசானம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்னும் எட்டு அணைக்கட்டுகள் அந்தத் தண்ணீரைக் கால்வாய்களில் பிரித்து, ஏறத்தாழ 86,000 ஏக்கருக்குக் கொண்டுபோகின்றன. பக்கத்து அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அங்கே பிறந்த அம்பை 16 ரகம் இட்லி அரிசியாகத் தமிழகமெங்கும் பேர்பெற்றது.

இவ்வளவு நெல் விளையும் பள்ளத்தாக்கிலும் மாதம் பிறந்தால் ரேஷன் கடையில் வரிசை நிற்கிறது. இதில் முரண் ஒன்றுமில்லை. வயல் வைத்திருப்பவர் வீட்டில் குதிர் நிறையும். அதே வயலில் நாற்று நட்டவருக்குக் கிடைப்பது கூலி மட்டுமே. ஊரில் தானியம் இருப்பது வேறு, அதை வாங்கும் வலு ஒவ்வொரு வீட்டிலும் இருப்பது வேறு. 1943 வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்திய சென், 1981-ல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விரிவாக நிறுவினார். உணவுப் பாதுகாப்பு என்றால் அணையும் வேண்டும், கடையும் வேண்டும்.

நெல் அரசின் கைக்கு வருவது நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில். 1972-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் இவற்றை நடத்துகிறது. 2025 செப்டம்பர் 1 முதல் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாயும் பொது ரகத்துக்கு 2,500 ரூபாயும் விலை. மத்திய அரசின் ஆதரவு விலையோடு மாநில ஊக்கத்தொகையும் இதில் சேர்ந்தது. தூற்றிப் பதரும் கருக்காயும் நீக்கி, 40 கிலோ மூட்டையாகப் பிடிப்பார்கள். சிக்கல் ஈரப்பதத்தில்தான். 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் விதிப்படி எடுக்கமாட்டார்கள். கார் அறுவடையோ மழைக்காலத்தை ஒட்டி வருகிறது. காயப்போட வெயிலும் இல்லை, களமும் போதாது. நிலையம் திறக்கத் தாமதமானாலோ மூட்டைகள் தேங்கினாலோ, களத்துக்கே வந்து ரொக்கம் கொடுக்கும் வியாபாரியிடம் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிறார் விவசாயி. ஆதரவு விலையின் பலன் அறிவிப்பில் பாதி, களத்தில் பாதி.

கொள்முதலான நெல் ஆலைக்குப் போகிறது. நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி என்பது கணக்கு. அங்கிருந்து வட்டக் கிடங்கு, பிறகு கடை. தமிழகத்தின் பெரும்பாலான நெல் காவிரிப் படுகையில் கொள்முதலாவது. தாமிரபரணியின் பங்கு சிறிது. அதுவும் போதாமல் இந்திய உணவுக் கழகத்தின் வழியே வெளிமாநில அரிசியும் வருகிறது. ஆகவே அம்பாசமுத்திரத்துக் கடையில் அளக்கப்படும் அரிசி அம்பாசமுத்திரத்தில் விளைந்ததாக இருக்கவேண்டியதில்லை.

ரேஷன் என்பது இங்கே போர்க்காலத்தில் வந்த ஏற்பாடு. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானதும் சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது, பங்கீடு தொடங்கியது. 1952-ல் ராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கினார். அறுபதுகளின் தட்டுப்பாடு மறுபடியும் அரிசியை அரசியலின் நடுவே கொண்டுவந்து வைத்தது. இந்திய உணவுக் கழகம் 1965-ல் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற திமுகவின் வாக்குறுதி 1967 தேர்தலில் எப்படி எடுபட்டது என்பது தெரிந்த கதை. ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி கொடுக்கத்தான் முடிந்தது. ஆனாலும் அதன்பின் எந்தக் கட்சியாலும் ரேஷன் அரிசியைத் தொட முடியவில்லை. 2008-ல் கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூன் முதல் விலையே இல்லை.

தமிழகம் தனித்து நின்ற இடம் 1997. வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று குடும்பங்களைப் பிரிக்கச் சொன்னது மத்திய அரசு. தமிழகம் பிரிக்கவில்லை. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில் ஏற்றபோதும் எல்லாருக்கும் கொடுக்கும் அந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. அந்தச் சட்டம் தமிழகத்தில் சுமார் 3.64 கோடிப் பேருக்கே பொருந்தும்; மற்றவர்களுக்கான சுமையை மாநிலம் ஏற்றது. அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ, முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு 5 கிலோ, முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைக்கும் அதிகபட்சம் 20 கிலோ. வசதியுள்ளவருக்கும் ஏன் என்ற கேள்வி ஓயாது. ஏழை யார் என்று பட்டியல் போடும் இடத்தில்தான் உண்மையான ஏழை விடுபடுகிறார் என்பது பிற மாநிலங்களில் கண்ட அனுபவம். அதோடு, எல்லா வீட்டாரும் வந்துபோகும் கடையைக் கவனிக்காமல் விட அதிகாரிகளுக்கும் துணிவு வராது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வலைப்பின்னல் வேறு வகையிலும் உதவியது. தாமிரபரணி கரைபுரண்டு கடுமையாகப் பாதித்த வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடைகள் வழியாகவே கொடுக்கப்பட்டது.

எல்லாருக்கும் கொடுப்பதில் ஒழுக்கும் உண்டு. சாப்பிடாதவர்கள் சில ரூபாய்க்கு விற்கும் அரிசி மூட்டையாகச் சேர்ந்து, புளியரை, களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குக் கடத்தப்படுகிறது. குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறை வண்டிகளைப் பிடிப்பது அடிக்கடி வரும் செய்தி. ஸ்மார்ட் கார்டும் கைரேகைப் பதிவும் போலி அட்டைகளையும் பொய்க் கணக்கையும் குறைக்கலாம். வாங்கிய அரிசியை அட்டைதாரரே விற்பதை அவற்றால் தடுக்க முடியாது. அரிசியின் தரம் உயர்ந்தால் இது தானே குறையும்.

மிச்சமிருப்பது சத்துப் பிரச்சினை. அரிசி வயிற்றை நிரப்பும், இரத்தசோகையைத் தீர்க்காது. அதற்காக இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய அரிசி, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து தரும் திட்டம் வந்தது. பருப்பின் கதை இன்னும் மெலிவானது. 2007-ல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். அட்டைக்கு ஒரு கிலோ. வீட்டில் மூன்று பேர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் அதே ஒரு கிலோதான்.