நாய்க்கு வாய்க்கூடு வாங்கப் போகிறீர்களா?

நன்றிக்கு நாயைச் சொல்வார்கள். அது உண்மைதான். ஒரு பிடி சோறு போட்டவரை நாய் மறக்காது.

ஆனால் அந்த நாயே சில சமயம் சோறு போட்ட கையைக் கடித்துவிடுகிறது!

நாய்க்குப் புத்தி கெட்டுவிட்டதா? இல்லை. வலியும் பயமும்தான் காரணம். இந்த இரண்டும் வந்துவிட்டால் எந்த நாயும் கடிக்கும். எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சரி.

காலில் முள் ஏறியிருக்கும். அதைப் பிடுங்கப் போவோம். காதில் உண்ணி பிடித்திருக்கும். அதை எடுக்கப் போவோம். மயிர் சிக்குப் பிடித்திருக்கும். அதைக் கத்தரிக்கப் போவோம். நமக்கு அது உதவி. நாய்க்கோ அது வலி! "வலிக்கிறது, விடு" என்று சொல்ல அதற்குப் பேச்சுக் கிடையாது. பல்லால்தான் சொல்லும்.

"குரைக்கிற நாய் கடிக்காது" என்பது பழமொழி. மாட்டாஸ்பத்திரி மேசையின் மேல் அந்தப் பழமொழி செல்லாது!

யார் பிடிப்பது?

தர்மபுரி மாவட்டத்தில் தோட்டக் காவலுக்கும் ஆட்டுப் பட்டிக் காவலுக்கும் நாய் வளர்ப்பவர்கள் பலர். பாலக்கோடானாலும் பென்னாகரமானாலும் அரூரானாலும், நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தெரிந்தும் சிலர் போடுவதில்லை. காரணம் கேட்டால், "அதை யாருங்க பிடிக்கிறது?" என்பார்கள்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஊசி போடாத நாய்க்கு வெறிநோய் வரலாம். அது வீட்டுக் குழந்தையைக் கடிக்கலாம். வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது மிக மிக அரிது. நாயும் பிழைக்காது, மனிதரும் பிழைப்பதில்லை.

"யார் பிடிப்பது?" என்ற கேள்விக்குப் பதில் ஒரு சின்னப் பொருளில் இருக்கிறது. அதுதான் வாய்க்கூடு.

எருதுக்கு உண்டே!

உழவர்களுக்கு வாய்க்கூடு புதிதல்ல. பயிர் நடுவே ஏர் ஓட்டும்போது, எருது பயிரை மேயாமல் இருக்கக் கயிற்றால் பின்னிய கூட்டை அதன் வாயில் மாட்டுவார்கள். நாய்க்கு மாட்டுவதும் அதே மாதிரிதான். பட்டணத்துக் கடைகளில் "மசில்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஒரு நாட்டையே காத்தது!

வாய்க்கூடு சின்னப் பொருள்தான். ஆனால் ஒரு நாட்டிலிருந்து வெறிநோயை விரட்ட அது உதவியிருக்கிறது!

பிரிட்டனில் 19-ம் நூற்றாண்டில் வெறிநோய் பலரைப் பலி கொண்டது. 1890-களின் கடைசியில் விவசாய வாரியத்தின் தலைவராக இருந்தவர் வால்டர் லாங். நோய் கண்ட வட்டாரங்களில் நாய்களுக்கு வாய்க்கூடு மாட்டியே வெளியே கொண்டுவர வேண்டும் என்று அவர் கண்டிப்பான உத்தரவு போட்டார். வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களையும் தனியே அடைத்து வைத்துக் கவனித்தார்கள்.

நாய்ப் பிரியர்கள் கொதித்தார்கள். "வாயில்லா ஜீவனைக் கொடுமை செய்கிறார்" என்று அவரைத் திட்டினார்கள். அவர் அசையவில்லை. 1902-ல் பிரிட்டனில் வெறிநோய் ஒழிந்தது. முதல் உலகப் போரின் முடிவில் வெளிநாட்டு நாய்கள் மூலம் நோய் திரும்ப வந்தது. 1922-ல் மறுபடியும் ஒழித்தார்கள்.

நம் பக்கத்தில் 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொள்ளத் தென்னாட்டு மக்கள் மலையேறிப் போன காலம் அது. வயிற்றில் வரிசையாகப் போடும் ஊசியைப் பெரியவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பழைய ஊசி இப்போது இல்லை. இன்று கையில் போடும் சில ஊசிகளே போதும்.

எதை வாங்குவது?

வாய்க்கூட்டில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

ஒன்று, துணி அல்லது நைலான் பட்டை. இது வாயை இறுக்கி மூடிவிடும். விலை குறைவு, மாட்டுவதும் சுலபம். ஆனால் நாயால் வாயைத் திறக்க முடியாது. ஊசி போடவோ நகம் வெட்டவோ இரண்டொரு நிமிஷத்துக்குத்தான் இதைப் பயன்படுத்தலாம்.

மற்றொன்று, கூடை வகை. பிளாஸ்டிக், ரப்பர், தோல், கம்பி ஆகியவற்றில் கிடைக்கும். இதற்குள் நாய் வாயைத் திறக்கலாம், நாக்கை நீட்டலாம், தண்ணீர் குடிக்கலாம். ஆனால் கடிக்க முடியாது. வீட்டுக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்குங்கள்.

வாயைத் திறக்க முடிவது அவ்வளவு முக்கியமா? ஆம். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும், சூடு தணியும். நாய்க்கு அப்படி வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் நாயின் வாயை இறுகக் கட்டி ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மணி நேரம் காக்க வைத்தால், சூடு தலைக்கேறி நாய் செத்தே போகலாம்!

அளவு எடுப்பது எப்படி?

நாயின் வயதைச் சொல்லி வாங்காதீர்கள். எடையை மட்டும் சொல்லியும் வாங்காதீர்கள். தையற்காரரின் டேப்பைக் கொண்டு இரண்டு அளவு எடுங்கள்.

முதல் அளவு நீளம். மூக்கு நுனியிலிருந்து கண்களுக்குச் சற்று முன்பு வரை அளக்க வேண்டும்.

இரண்டாவது அளவு சுற்றளவு. கண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே, மூஞ்சியின் பருத்த இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். நாய் மூச்சு வாங்க இடம் வேண்டும். ஆகவே வாய் சற்றுத் திறந்திருக்கும்போது அளப்பது நல்லது.

மாட்டிய பிறகு சோதித்துப் பாருங்கள். மூக்கு நுனிக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்கவேண்டும். விளிம்பு கண்ணில் படக்கூடாது. கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழையவேண்டும். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் நாய் காலால் தள்ளிக் கழற்றிவிடும்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு வேட்டை நாய்களுக்கு மூஞ்சி நீளம், ஆனால் ஒடுக்கம். அவற்றுக்கு அகலமான கூடு நிற்காது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குச் சாதாரணக் கூடு பொருந்தாது. அவற்றுக்கு மூச்சுத் திணறலும் எளிதில் வரும். டாக்டரைக் கேட்காமல் மாட்டக் கூடாது.

பழக்குவது எப்படி?

ஊசி போடும் நாளில் முதல் தடவையாக மாட்டினால் நாய் மிரளும். பத்து நாள் முன்பே பழக்கத் தொடங்குங்கள்.

முதல் இரண்டு நாள் மாட்டவே வேண்டாம். கூட்டுக்குள் ஒரு கறித்துண்டையோ, பிசைந்த தயிர்ச் சோற்றையோ வையுங்கள். நாய் தானே மூஞ்சியை நுழைத்துத் தின்னும். அடுத்த இரண்டு நாள் தின்னும்போது பட்டையைக் கழுத்தில் லேசாக வைத்து எடுங்கள். பிறகு மாட்டிச் சில விநாடி விடுங்கள். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பத்தாம் நாள் கூட்டைக் கண்டதும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வரும்!

நாய் திமிறினால் அடிக்காதீர்கள். ஒரு படி பின்னால் போய் மறுபடி தொடங்குங்கள்.

செய்யக் கூடாதவை

குரைக்காமல் இருப்பதற்காக நாள் முழுதும் மாட்டி வைக்காதீர்கள். அது தண்டனைப் பொருள் அல்ல.

மாட்டிவிட்டு நாயைத் தனியே விட்டுப் போகாதீர்கள்.

வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், மயங்கிக் கிடக்கும் நாய்க்கும் மாட்டவே கூடாது.

நாயைப் பிடிக்கும் வேலையைச் சிறுவர்களிடம் விடாதீர்கள். அவர்கள் முகம் நாயின் பல்லுக்கு நேரே இருக்கும்.

திடீரென்று அடிபட்டால்?

வண்டியில் நாய் அடிபட்டுவிட்டது. வீட்டில் கூடு இல்லை. அகலமான பேண்டேஜ் துணியோ, மெல்லிய துண்டோ போதும். நடுவில் ஒரு சுருக்குப் போட்டு, பின்பக்கமிருந்து மூஞ்சியில் மாட்டுங்கள். முனைகளைத் தாடைக்குக் கீழே குறுக்காகக் கொண்டுபோய், காதுக்குப் பின்னால் அவிழ்க்கக் கூடிய முடிச்சாகப் போடுங்கள். டாக்டரிடம் போய்ச் சேர்ந்து, அவர் பார்த்து முடித்ததும் உடனே அவிழ்த்துவிடுங்கள். வாயிலோ தாடையிலோ அடிபட்டிருந்தால் கட்ட வேண்டாம்.

கடித்துவிட்டால்?

காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் வைக்காதீர்கள். அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். "நம்ம வீட்டு நாய்தானே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள்!

குட்டிக்கு 3 மாதம் ஆனதும் முதல் தடுப்பூசி போடவேண்டும். டாக்டர் குறித்துக் கொடுக்கும் நாளில் மறு ஊசி. அப்புறம் ஆண்டுக்கு ஒரு முறை. செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். பாஸ்டர் மறைந்த நாள் அது. அதையொட்டிப் பல கால்நடை ஆஸ்பத்திரிகளில் தடுப்பூசி முகாம் நடப்பது வழக்கம்.

உங்கள் நாய்க்குப் போன தடவை ஊசி போட்டது எப்போது? நினைவில்லை என்றால், இன்றைக்கே டேப்பை எடுத்து அதன் மூஞ்சியை அளந்துவிடுங்கள்.