அடி வாங்கினால்தான் இறுகும் எஃகு

இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026க்குள் கார்பன் வரி வரும் என்று மலேசியாவின் 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். கெடு நெருங்க, கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் வாசகர்கள் எழுதிய கடிதங்களில் வரியைவிட மாங்கனீஸ் எஃகைப் பற்றிய குழப்பமே அதிகம்.

‘தேய்மானம் தாங்கும்’ என்பது மெய்யா?

பாதி மெய். மாங்கனீஸ் எஃகைக் கண்டறிந்தவர் ஷெஃபீல்டின் ராபர்ட் ஹாட்ஃபீல்ட், ஆண்டு 1882. அதில் மாங்கனீஸ் சுமார் 12 விழுக்காடு, கார்பன் 1.2 விழுக்காடு. இவ்வளவு கார்பன் உள்ள சாதாரண எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால், கண்ணாடிபோல் விறைத்துவிடும். மாங்கனீஸ் எஃகை 1,050 டிகிரியில் எடுத்து முக்கினால் வளைந்துகொடுக்கும் பதம் வருகிறது. மெல்ல ஆறவிட்டாலோ, உலோகத்தின் படிக மணிகளின் ஓரங்களில் கார்பைடு படிந்து நொறுங்குகிறது. வார்ப்பாலையின் திறமை, உலையிலிருந்து தண்ணீருக்குப் போகும் அந்தச் சில விநாடிகளில்தான் இருக்கிறது.

முக்கியெடுத்த எஃகின் கடினம் பிரினெல் அளவில் ஏறத்தாழ 200. பலத்த அடி விழ விழ மேல்தோல் மட்டும் 500 வரை இறுகும். உள்ளே இளக்கம் மாறாது. தோல் தேய்ந்தால், அடுத்த அடி அதன்கீழ் உள்ள தோலை இறுக்கும். கேஎல் சென்ட்ரலை நெருங்கும் ரயில் தடம் மாறும்போது கேட்கும் ‘தடக் தடக்’, தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடைவெளியைச் சக்கரம் தாண்டும் அடி. உலகெங்கும் அந்த இடத்துக்கு இந்த எஃகை வார்க்கக் காரணம் அதுவே. கல்லுடைக்கும் இயந்திரத்தின் தாடைக்கும் இதே கணக்கு.

விற்பனைத் தாள்கள் சொல்லாமல் விடுவது மறுபாதி. மணல் வெறுமனே உரசிச் செல்லும் இடத்தில் அடி இல்லை. எனவே இறுக்கமும் இல்லை. அங்கே இது சீக்கிரமே தேய்ந்துவிடும்.

காந்தம் ஒட்டவில்லையே, ஸ்டெயின்லெஸ்தானே? துரு ஏறியிருந்தும் அறுத்த முகத்தில் காந்தம் ஒட்டாவிட்டால், மாங்கனீஸ் எஃகாக இருக்கலாம். ஸ்டெயின்லெஸ் என்று எடைபோடாதீர்கள்.

வெல்டிங் செய்யலாமா? செய்யலாம், துண்டு 260 டிகிரியைத் தாண்டிச் சூடேறக் கூடாது.

சரவாக்கின் மாங்கனீஸ் கலவை ‘பசுமை’யா? அங்குள்ள சமலாஜு உலைகளுக்கு நீர்மின்சாரம் உண்டு. ஆனால் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிப்பது இன்னும் கரிதான்.

வரி தரத்தைக் கூட்டுமா? கார்பன் வரி புகையை அளக்கும், பொருளின் ஆயுளை அளக்காது.

ஆயுளை அளக்க வேண்டியவர் வாங்குபவரே. விலை பேசும்முன் கேளுங்கள்: இந்த இடத்தில் விழப்போவது அடியா, உரசலா?