மடி ஒரு சீட் இல்லை

இந்த எபிசோடு புதுசா அப்பா, அம்மா ஆனவங்களுக்கு. சித்தப்பா, அத்தைன்னு ப்ரமோஷன் வாங்கினவங்களும் கேளுங்க.

சேலையூர் கேம்ப் ரோடு சிக்னல்ல தினமும் பார்க்கிற காட்சிதான். கார்ல முன் சீட்டில் அம்மா, மடியில் குழந்தை. பின்னாடி தாத்தா, பாட்டி. "அம்மா மடியை விட பத்திரமான இடம் ஏது?"ன்னுதான் எல்லாரும் நம்புறோம். வீட்டில் அது சரி. ஓடுற கார்ல சரியில்லை. ஏன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

கார் 50 கி.மீ. வேகத்தில் போய் எதிலாவது மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள்ள நிக்குதுன்னு வைங்க. அப்போ 10 கிலோ குழந்தையைப் பிடிச்சு நிறுத்த சுமார் 140 கிலோ தூக்குற பலம் வேணும். கிட்டத்தட்ட ஒரு பல்சர் பைக்கின் எடை! யார் கையாலும் முடியாது. அந்த மோதல், சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது மூணாவது மாடி பால்கனியில் இருந்து விழுறதுக்குச் சமம். வண்டலூர் அவுட்டர் ரிங் ரோட்டில் 80ல போனா, மோதலின் ஆற்றல் இரண்டரை மடங்கு ஆயிடும்.

"என் பெல்ட்டையே குழந்தைக்கும் சேர்த்துப் போட்டுக்கிறேனே?" இது இன்னும் ஆபத்து. மோதும்போது உங்க உடம்பு எடை முழுக்க, பெல்ட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கிற குழந்தை மேல இறங்கும்.

அப்போ என்ன பண்ணலாம்? கைக்குழந்தைக்கு தலை பெருசு, கழுத்து பலவீனம். அதனால பின்பக்கம் பார்த்த மாதிரி வைக்கிற சீட் வேணும். அப்போ மோதலின் விசை கழுத்தில் விழாம முதுகு முழுக்கப் பரவும். அந்த சீட் தாங்குற உயரம், எடை வரைக்கும் குழந்தை அப்படியே உட்காரட்டும். அப்புறம் முன்பக்கம் பார்த்த சீட். அதுக்கு அப்புறம், உயரம் சுமார் 145 செ.மீ. வர்ற வரைக்கும் பூஸ்டர். பூஸ்டர் இல்லைன்னா பெரியவங்க பெல்ட் குழந்தையின் கழுத்திலும் வயித்திலும்தான் அழுத்தும்.

சீட்டை எப்பவும் காரின் பின் வரிசையில் மாட்டுங்க. ஏர்பேக் வேலை செய்ற முன் சீட்டில், பின்பக்கம் பார்த்த சீட்டை வைக்கவே கூடாது. ஏர்பேக் வெடிச்சு விரியும்போது நேரா குழந்தையின் தலைப் பக்கம்தான் அடிக்கும்.

மாட்டினதும் ரெண்டு விஷயம் செக் பண்ணுங்க. பெல்ட் போற இடத்தில் பிடிச்சு ஆட்டினா சீட் ஒரு அங்குலத்துக்கு மேல நகரக் கூடாது. குழந்தையின் தோள்பட்டை வாரை ரெண்டு விரலால் கிள்ளினா மடிப்பு வரக் கூடாது.

சட்டம் என்ன சொல்லுது? 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 194பி பிரிவு வந்துச்சு. 14 வயசுக்குக் கீழ உள்ள குழந்தை பெல்ட்டோ, குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாம இருந்தா, ஓட்டுறவருக்கு 1,000 ரூபாய் அபராதம். ஆனா சிக்னல்ல யாரும் நிறுத்திக் கேட்கலைங்கிறதால குழந்தை பத்திரமா இருக்குன்னு அர்த்தம் இல்லை.

"நாங்க கேப்லதான் போறோம்"னு சொல்றவங்களுக்கு: கார் பெல்ட்டாலேயே மாட்டுற சீட் நிறைய இருக்கு. அதைக் கையோட எடுத்துட்டுப் போகலாம். ஏறினதும் பின் சீட் பெல்ட் வேலை செய்யுதான்னு பாருங்க; பல கேப்ல பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைஞ்சு கிடக்கும். சீட் இல்லாத நாளில், போற இடம் பீச் ரூட்ல இருந்தா, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுறதே நல்லது.

கடைசியா, குழந்தை அழுதா? முதல் சில நாள் அழும். வண்டியை ஓரமா நிறுத்தி, தூக்கி, சமாதானம் பண்ணி, மறுபடி சீட்டில் உட்கார வைங்க. ஓடும்போது மட்டும் வெளிய எடுக்காதீங்க. பாட்டி கோவிச்சுக்கிட்டா, அந்த மூணாவது மாடி கணக்கைச் சொல்லுங்க. சட்டுன்னு புரிஞ்சுக்குவாங்க.