பிஎஸ்5 இருந்தால் டிவிடி பிளேயர் தேவையில்லையா? வாங்கும் முன் அலமாரியைத் திறந்து பாருங்கள்

டெக்னோபார்க்கில் வேலை, கழக்கூட்டத்தில் வாடகை வீடு, தவணையில் வாங்கிய புது 4கே டிவி. அடுத்து என்ன? பலருக்கும் பதில் பிளேஸ்டேஷன்தான். வீட்டில் அதற்குச் சொல்லும் நியாயமும் தயாராக இருக்கும்: "கேம் ஆடலாம், ஓடிடி பாக்கலாம், ஊர்ல அப்பா சேர்த்து வெச்சிருக்கற டிஸ்க் எல்லாத்தையும் இதுலயே போட்டுக்கலாம்."

முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது, உங்கள் வீட்டில் என்ன டிஸ்க் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பல தமிழ் வீடுகளில் அது பொய்யாகிவிடும். ஏன்?

கன்சோலை பிளேயராக வாங்கும் யோசனை எங்கிருந்து வந்தது?

சோனியிடம் இருந்துதான். 2000 மார்ச்சில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 வெளியானபோது, அதில் டிவிடியும் ஓடியது. கேம் ஆடாதவர்கள்கூட டிவிடி பிளேயராக நினைத்து அதை வாங்கினார்கள். அடுத்த ஆண்டு வந்த முதல் எக்ஸ்பாக்ஸிலும் டிவிடி ஓடும். ஆனால் அதற்கான ரிமோட்டைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

2006இல் கணக்கு இன்னும் சுவாரஸ்யமானது. அந்த ஜூனில் சாம்சங் அமெரிக்காவில் விற்ற ப்ளூ-ரே பிளேயரின் விலை 999 டாலர். நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3, ப்ளூ-ரே வசதியோடு 499 டாலரில் தொடங்கியது. தனி பிளேயரைவிட கன்சோல் பாதி விலை! ப்ளூ-ரேவுக்குப் போட்டியாக இருந்த எச்டி டிவிடியை 2008 பிப்ரவரியில் தோஷிபா கைவிட்டதற்கு, வீடுகளுக்குள் ஏற்கெனவே புகுந்திருந்த பிஎஸ்3களும் ஒரு காரணம்.

"கன்சோல் வாங்கினால் பிளேயர் இலவசம்" என்ற எண்ணம் அந்தக் காலத்தில் சரியாகவே இருந்தது.

இன்று அந்தக் கணக்கு என்ன?

இலவசம் இல்லை. விலைப்பட்டியலே அதைச் சொல்கிறது. 2024 ஏப்ரலில் பிஎஸ்5 ஸ்லிம் இந்தியாவுக்கு வந்தபோது, டிஸ்க் டிரைவ் உள்ள மாடல் 54,990 ரூபாய். டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல் 44,990 ரூபாய். ஆக, டிஸ்க் போடும் அந்த ஒரு வசதிக்கு அப்போது கொடுக்க வேண்டியிருந்தது 10,000 ரூபாய். எக்ஸ்பாக்ஸிலும் இப்படித்தான். சீரிஸ் எஸ் மாடலில் டிரைவே கிடையாது. சீரிஸ் எக்ஸில் உண்டு. அதிலும் டிரைவ் இல்லாத வகை ஒன்று 2024இல் வந்துவிட்டது.

மறுபக்கம், தனி பிளேயர்களின் உலகம் சுருங்கிக்கொண்டே போகிறது. சினிமா ரசிகர்கள் கொண்டாடிய ஓப்போ டிஜிட்டல் 2018இல் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2019இல் சாம்சங் அமெரிக்கச் சந்தைக்குப் புது ப்ளூ-ரே பிளேயர்கள் கொண்டுவரப்போவதில்லை என்றது. 2024 கடைசியில் எல்ஜியும் விலகியது. சோனி, பானசோனிக் போன்ற சில பெயர்களே மிச்சம். 4கே பிளேயர் வேண்டுமென்றால் இந்தியாவில் பெரும்பாலும் இறக்குமதிதான் வழி. சாதாரண டிவிடி பிளேயர் மட்டும் இன்னும் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

சரி, எந்த டிஸ்க் எதில் ஓடும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பார்க்க எல்லாமே 12 சென்டிமீட்டர் வட்டம். ஆனால் உள்ளே இருப்பது வேறு வேறு.

*விசிடி, ஆடியோ சிடி:* பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டும் சிடி வகை எதையும் படிக்காது. விசிடியும் சிடி வகைதான். நம்மூரில் இது சின்ன விஷயம் இல்லை. 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்று சந்தையையே புரட்டிப்போட்டது. பெட்டிக்கடையில்கூடப் படம் கிடைத்தது. அந்த நிறுவனத்தைக் கலைக்க 2018இல் கம்பெனி தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அது விற்ற டிஸ்க்குகள் இன்னும் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அதில் விசிடி எத்தனை, டிவிடி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். விசிடி அத்தனையும் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கன்சோலில் ஓடாது. சாதாரண டிவிடி பிளேயரில் ஓடும்.

*ஒரே டிஸ்க்கில் ஐந்து படம்:* திருவனந்தபுரத்தில் பீமாபள்ளி என்றால் தர்காவுக்கு அடுத்து பலருக்கும் நினைவுக்கு வருவது டிஸ்க் கடைகள். டிசம்பரில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு வந்தவர்கள், விழாவில் தவறவிட்ட உலக சினிமாவைத் தேடி அங்கே போன காலம் உண்டு. அவை உரிமம் இல்லாத நகல்கள், சட்டப்படி குற்றம். ஓடிடி வந்த பிறகு அந்த வியாபாரமும் படுத்துவிட்டது. இங்கே நமக்கு முக்கியம் தொழில்நுட்பம்தான். பல படங்களை ஏவிஐ கோப்புகளாக அடைத்த டிஸ்க்கை, 'டிவ்எக்ஸ்' முத்திரை உள்ள மலிவு டிவிடி பிளேயர் படிக்கும். பிஎஸ்5 படிக்காது.

*கல்யாண டிவிடி:* இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கடையில் வாங்கும் பட டிவிடி அச்சில் அழுத்தி எடுத்தது. ஸ்டுடியோக்காரர் கொடுத்த கல்யாண வீடியோவோ டிவிடி-ஆர். ஒரு சாயப்பூச்சின் மேல் லேசரால் எழுதியது. வெயில், வெப்பம், ஈரப்பதம் மூன்றும் அந்தச் சாயத்துக்கு ஆகாது. கடற்கரை ஊர்களில் இந்த மூன்றுக்கும் பஞ்சமில்லை. படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறதா? அது கன்சோலின் குறையாக இல்லாமல், டிஸ்க் சாகத் தொடங்கியதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

*ப்ளூ-ரே, 4கே ப்ளூ-ரே:* டிரைவ் உள்ள பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் ஓடும். பிஎஸ்5 ஸ்லிம்மில் டிரைவைப் பொருத்தியதும் ஒருமுறை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். எக்ஸ்பாக்ஸில் ப்ளூ-ரே செயலியைத் தரவிறக்க வேண்டும். புதுப் பெட்டி, வீட்டில் நெட் இன்னும் வரவில்லை என்றால் படம் பார்க்கக் காத்திருக்கத்தான் வேண்டும்.

துபாயில் இருந்து மாமா வாங்கி வந்தால்?

கேரளத்தில் வசிப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. பிஎஸ்5 கேம் டிஸ்க்குக்கு நாட்டு எல்லை இல்லை. எங்கே வாங்கினாலும் ஓடும். பட டிஸ்க்குக்கு அப்படி இல்லை. அதற்கு ரீஜன் கோடு உண்டு. டிவிடியில் இந்தியா 5, வளைகுடா நாடுகள் 2, சிங்கப்பூர் 3. ப்ளூ-ரேயில் இந்தியா சி, வளைகுடா பி, சிங்கப்பூர் ஏ. கன்சோல் எந்த நாட்டுக்காகத் தயாரானதோ அந்தக் கோடு அதில் பூட்டப்பட்டிருக்கும். அதை மாற்ற மெனுவில் வழி கிடையாது.

அதனால் துபாய் கன்சோலில், இந்தியாவில் வாங்கிய ஹாலிவுட் டிவிடி ஓடாமல் போகலாம். தமிழ்ப் படங்களில் இந்தத் தொல்லை குறைவு. ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் உலகத் தமிழர்களுக்காக வெளியிட்ட டிவிடிகள் பெரும்பாலும் எல்லா ரீஜனுக்கும் பொதுவானவை. 4கே ப்ளூ-ரேயில் ரீஜன் பூட்டே கிடையாது. அட்டையின் பின்பக்கம் இருக்கும் சின்ன உருண்டைச் சின்னத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படத்தின் தரம், கரண்ட் பில்?

தரத்தில் டிஸ்க்குக்கு இன்றும் மதிப்பு உண்டு. 4கே ஓடிடிக்கு நெட்ஃப்ளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் 15 எம்பிபிஎஸ். 4கே ப்ளூ-ரே டிஸ்க் அதிகபட்சம் 128 எம்பிபிஎஸ் வரை தரவு தரும். இருட்டுக் காட்சியில் வித்தியாசம் தெரியும். ஆனால் டிஸ்க்கில் இருக்கும் டால்பி விஷனை பிஎஸ்5உம் தராது, எக்ஸ்பாக்ஸும் தராது. அது வேண்டுமென்றால் அந்த வசதியுள்ள தனி பிளேயர்தான். தமிழ்ப் படங்கள் 4கே டிஸ்க்கில் வருவது மிக அரிது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

"கன்சோல் கரண்ட்டைக் குடிக்கும்" என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். படம் ஓடும்போது கன்சோல் 100 வாட், பிளேயர் 20 வாட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு வித்தியாசம் 0.2 யூனிட். வருடத்துக்கு 100 படம் பார்த்தால் 20 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 160 ரூபாய். வருடத்துக்கு! இதற்காக முடிவை மாற்ற வேண்டியதில்லை.

அப்போ எதை வாங்கலாம்?

- கேம் ஆடுவீர்கள், கேமை டிஸ்க்கில் வாங்கி விற்கும் பழக்கம் உண்டு: டிரைவ் உள்ள கன்சோல். டிரைவுக்குக் கொடுத்த கூடுதல் பணம் பழைய கேம்களை விற்பதிலேயே திரும்பி வரும். ப்ளூ-ரே ஒரு கூடுதல் லாபம்.
- கேம் ஆடுவீர்கள், வீட்டில் இருப்பது பழைய விசிடி, டிவிடி மட்டும்: டிஜிட்டல் கன்சோல் போதும். மிச்சப் பணத்தில் சாதாரண டிவிடி பிளேயர் வாங்கினாலும் கையில் காசு நிற்கும். எச்டிஎம்ஐ உள்ளதாகப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர் சொருகும் இடம் புது டிவிகள் பலவற்றில் இல்லை.
- கேமே வேண்டாம், 4கே டிஸ்க் சேகரிப்பவர்: தனி 4கே பிளேயர். ஆனால் இந்தியாவில் சர்வீஸ் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.
- கேமும் இல்லை, புது டிஸ்க்கும் வாங்கப்போவதில்லை: இரண்டுமே வேண்டாம். லேப்டாப்பில் சொருகும் டிவிடி டிரைவ் ஒன்று போதும்.

டிஸ்க்கே வேண்டாம், எல்லாம் ஆன்லைனில் இருக்கிறதே?

இருக்கிறது, இருக்கும் வரை. பிளேஸ்டேஷன் ஸ்டோர் 2021 ஆகஸ்ட் 31உடன் படம் விற்பதையே நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும், காசு கொடுத்து வாங்கியவர்களின் கணக்கில் இருந்தே ஸ்டுடியோகனால் படங்கள் நீக்கப்பட்டன. டிஸ்க்கை அப்படி யாரும் வந்து எடுத்துப்போக முடியாது. ஆனால் அதைப் படிக்கும் கருவி கடையில் கிடைக்காமல் போகலாம். விசிடிக்கு கன்சோல்களில் ஏற்கெனவே நடந்தது அதுதான்.

சினிமாவையாவது வேறு எங்காவது தேடிக்கொள்ளலாம். அப்பா, அம்மாவின் அறுபதாம் கல்யாணம் எந்த ஓடிடியிலும் வராது. அதற்கு நகல் எடுப்பது எளிது: அந்த டிஸ்க்குகளில் காப்புப் பூட்டு இருக்காது. டிரைவில் போட்டு, உள்ளே இருக்கும் ஃபோல்டர்களை அப்படியே ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். விஎல்சி பிளேயரில் டிவிடியின் விஓபி கோப்பும் ஓடும், விசிடியின் டிஏடி கோப்பும் ஓடும். ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று ஊரில்.

அடுத்த முறை நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ போகும்போது அந்த டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். முதலில் கல்யாண டிஸ்க். எந்தக் கன்சோல் என்பதைத் திரும்பி வந்து முடிவு செய்யலாம்.