கத்திரி வெயிலில் ஓவர்க்ளாக்கிங்

பென்டியம் 4 காலத்தில் டெஸ்க்டாப் கேபினெட்டுகளுக்கு இன்டெல் ஓர் அளவுகோல் வகுத்தது. அறை வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் இருந்தாலும், பிராசசரின் விசிறி இழுக்கும் காற்று 38 டிகிரியைத் தாண்டக் கூடாது. அந்த 35 டிகிரி அவர்கள் கணக்கில் மோசமான நாள். தியாகராய நகரில் மொட்டை மாடிக்குக் கீழே மேற்குப் பார்த்த அறை ஒன்றில், அக்னி நட்சத்திர நாட்களில், விளக்கு வைத்த பிறகும் 35 டிகிரி சர்வ சாதாரணம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவானது 45 டிகிரி. சென்னையில் ஓவர்க்ளாக்கிங் பற்றிப் பேச்செடுத்தால் இந்த எண்களில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

பிராசசரை, அதைச் செய்த நிறுவனம் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் ஓடவைப்பதுதான் ஓவர்க்ளாக்கிங். டூயல் கோர் சிப்புகள் 2005-இல் கடைக்கு வந்தன. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் இந்த ஆர்வம் உலகம் முழுக்கப் பற்றிக்கொண்டது. 2006-இல் வந்த பென்டியம் டி 805 மலிவான சிப். அதன் வேகம் 2.66 கிகாஹெர்ட்ஸ். விமர்சகர்கள் அதை 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டிக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜூலை இறுதியில் கோர் 2 டியோ வந்தது. அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி இ6300. மதர்போர்டின் 266 மெகாஹெர்ட்ஸை 7 ஆல் பெருக்கி 1.86 கிகாஹெர்ட்ஸில் ஓடும் சிப் அது. மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்ற உதவும் பயாஸுக்குள் போய் அந்த 266-ஐ 400 ஆக்கினால் 2.8 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும்.

இது எப்படிச் சாத்தியம்? ஒரே சிலிக்கன் தகட்டில் நூற்றுக்கணக்கான சிப்புகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றையும் சோதித்து வேக முத்திரை குத்துகிறார்கள். விலை குறைந்த சிப்புகளுக்குத்தான் சந்தையில் கிராக்கி அதிகம் என்பதால், நன்றாக ஓடக்கூடிய சிப்பும் பல நேரம் குறைந்த வேக முத்திரையோடு வெளியே வந்துவிடும். அப்படிச் சிப்புக்குள் பதுங்கியிருக்கும் வேகத்தை வெளியே எடுப்பதுதான் ஓவர்க்ளாக்கரின் வேலை.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் மதர்போர்டு, ராம், எஸ்எம்பிஎஸ், கேபினெட் என்று ஒவ்வொன்றாக விலை பேசி வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களுக்கு இது பொருத்தமான விளையாட்டு. பெரிய நிறுவனங்கள் கட்டித் தரும் கம்ப்யூட்டர்களின் பயாஸில் இந்த வசதி பெரும்பாலும் பூட்டியே இருக்கும். அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் திறந்திருக்கும். அன்று கல்யாண வீடியோவை டிவிடியாக்கிக் கொடுத்த எடிட்டிங் கடைக்கு இதன் அருமை தெரிந்திருந்தது. ரெண்டரிங் ஓடி முடியும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் அடுத்த வேலையைத் தொட முடியாமல் இருந்தது.

வேகம் கூடினால் சூடும் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கூடும் என்பதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். சிப் தின்னும் மின்சாரம் க்ளாக் வேகத்தின் விகிதத்தில் ஏறும். வோல்டேஜை உயர்த்தினாலோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில் ஏறும். இ6300-ஐ எடுத்துக்கொள்வோம். வேகம் ஒன்றரை மடங்கு. அந்த வேகத்தில் தடுமாறாமல் இருக்க வோல்டேஜை 1.3-லிருந்து 1.4-க்கு ஏற்றினால் அது இன்னொரு 1.16 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 1.74. இன்டெல் அந்த சிப்புக்குக் கொடுத்த வெப்ப வரம்பான 65 வாட், 113 வாட் ஆகிவிடுகிறது.

இப்போது சென்னை அறைக்கு வருவோம். வாட்டுக்கு 0.3 டிகிரி ஏற விடும் சாதாரண ஹீட் சிங்க் என்று வைத்துக்கொள்வோம். அறையில் 35 டிகிரி, கேபினெட்டுக்குள் இன்னும் 5 சேர்ந்து 40. ஓவர்க்ளாக் செய்யாத 65 வாட்டுக்கே பிராசசரின் மூடி 59.5 டிகிரிக்குப் போகும். இ6300-க்கு இன்டெல் அனுமதித்த உச்சம் 61.4. ஆக, எதையும் தொடாமலே விளிம்பில்தான் நிற்கிறது. 113 வாட்டில் 74 டிகிரி. நல்ல டவர் கூலர் வாங்கி 0.3-ஐ 0.2 ஆக்கினாலும் 63-க்குக் குறையாது. அதே கூலரோடு 24 டிகிரி ஏசி அறைக்குப் போனால் 52 டிகிரிதான். காற்றால் குளிரும் ஹீட் சிங்க் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே போக முடியாது. ஸ்டாக்ஹோமில் இருப்பவர் எழுதிய ஓவர்க்ளாக்கிங் குறிப்பை அப்படியே அடையாறில் செய்து பார்த்தவர்கள் தோற்றது இந்த இடத்தில்தான்.

கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் இன்னொரு கதை தெரியும். இன்டெல்லின் வட்டமான அலுமினியக் கூலரை மதர்போர்டில் பிடித்திருப்பவை நான்கு பிளாஸ்டிக் புஷ் பின்கள். அவற்றில் ஒன்று சரியாக உட்காராவிட்டால் ஒரு மூலை மயிரிழை தூக்கிக்கொள்ளும். அலுமினியம் சூட்டைக் கடத்தும் திறனில் காற்றைவிட ஏறக்குறைய 9,000 மடங்கு மேல்; அதனால் அந்த மயிரிழை இடைவெளியே போதும், சூடு அங்கேயே தேங்கிவிடும். இடைவெளியை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். சில வருடம் ஓடிய கம்ப்யூட்டரில் அது சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி காய்ந்து உதிரும். விசிறியைக் கழற்றினால் அடியில் தகடுகளின் மேல் சாம்பல் நிறத் தூசி கம்பளம் போல் ஒட்டியிருக்கும். விசிறி முழு வேகத்தில் அலறிக்கொண்டிருக்கும். காற்று உள்ளே போகாது. பத்து டிகிரியைக் குறைக்க ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் புது பேஸ்ட்டும் போதும் என்ற நிலையில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் நகரில் ஏராளம். அதைச் செய்யாமல் வேகத்தைக் கூட்டுவது வீண் வேலை.

சூடு கூடினால் சிப்புக்குள் மின்கசிவு கூடும். கசிவு கூடினால் சூடு மேலும் ஏறும். கூடவே மதர்போர்டில் இருக்கும் மின்பகுளி கெப்பாசிட்டர்களும் பாடுபடும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுப் பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. தலை உப்பி, பழுப்புத் திரவம் கசிந்த கெப்பாசிட்டரைப் பார்க்காத சர்வீஸ்காரர் இருக்க மாட்டார்.

சரி, அறை வெப்பத்துக்கும் கீழே போய்விடலாமே என்று பெல்டியர் தகடு, கம்ப்ரசர் வைத்த குளிர்விப்பான் என்று இறங்கியவர்கள் உண்டு. சென்னையில் அங்கே வேறொரு எதிரி காத்திருக்கிறது. கடற்காற்று வீசும் மாலையில் 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் பூக்கும். பிராசசரைச் சுற்றியுள்ள மதர்போர்டும் அதில் அடக்கம். டெல்லியின் மே மாதத்தில் 42 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் என்றால் பனிநிலை 15-ஐ ஒட்டித்தான் இருக்கும். அங்கே ஏர் கூலர் ஓர் அறையைக் கணிசமாகக் குளிரவைக்கும். மயிலாப்பூரில் அதே ஏர் கூலர் நாலைந்து டிகிரியைக் குறைப்பதற்குள் ஈரத்தை அறையெங்கும் நிரப்பிவிடும். கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் அதை வைக்காமல் இருப்பதே நல்லது.

ஈரத்தோடு உப்பும் வருகிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். சாந்தோம், பெசன்ட் நகர்ப் பக்கம் தூசியோடு சேர்ந்து படிந்த உப்பு, காலை வேளைகளில் மின்சாரம் கடத்தும் ஈரப்படலமாக மாற இதுவே போதும். மயிலாப்பூர் வழியாக ஓடும் பக்கிங்காம் கால்வாயிலிருந்து எழும் அழுகல் நாற்றத்தில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. செம்பையும் வெள்ளியையும் கறுக்கவைத்து அரிக்கும் வாயு அது. கால்வாய் ஓர வீடுகளில் ஏசியின் செம்புக் குழாய் ஓட்டையாவதற்குச் சொல்லப்படும் காரணம் இதுதான். செம்புத் தகடு வைத்த கூலரை வாங்குகிறவர் நிக்கல் பூச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சிப் நிறுவனங்களே வெப்பத்திடம் தோற்ற ஆண்டு 2004. மே மாதம் இன்டெல் டேஜஸ் என்ற தன் அடுத்த பிராசசர் திட்டத்தைக் கைவிட்டு டூயல் கோர் பக்கம் திரும்பியது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ம் கைவிடப்பட்டது. அதற்காகத் தலைமைச் செயல் அதிகாரி கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் தன் கப்ரு கணினியைக் கட்டி முடித்திருந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் ஜியான் பிராசசர் கொண்ட 144 கணினிகளை இணைத்து ஒரு டெராஃப்ளாப் வேகத்தைத் தொட்டது அது. ஜூன் மாதம் உலகின் முதல் 500 கணினிகள் பட்டியலிலும் இடம்பிடித்தது. ஒரு சிப்பை விரட்டாமல் பல சிப்புகளைச் சேர்த்து வேலை வாங்கிய அந்த வழிக்குத்தான் டெஸ்க்டாப்பும் வந்து சேர்ந்தது.

2008-க்குப் பிறகு வந்த டர்போ பூஸ்ட் சிப்புகள், சூடு இடம் கொடுக்கும்வரை தாமே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. சூடேறினால் தாமே இறங்குகின்றன. கையால் ஓவர்க்ளாக் செய்ய உகந்த இன்டெல் டூயல் கோர் வரிசையில் 2014-இன் பென்டியம் ஜி3258-ம், 2017-இன் ஐ3 7350கே-யும் கடைசிப் பேர்கள். இன்று சென்னைக்காரருக்கு அதைவிடப் பயன் தருவது நேர் எதிரான வேலை: வேகத்தை அப்படியே வைத்து வோல்டேஜைக் குறைப்பது. 10 சதவீதம் குறைத்தால் வர்க்கக் கணக்கில் சூடு 19 சதவீதம் இறங்கும். 2019 டிசம்பரில் வோல்டேஜைக் குறைத்தே தாக்க இடம் கொடுக்கும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை அம்பலமான பிறகு பல லேப்டாப்களில் இந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது. டெஸ்க்டாப் மதர்போர்டுகள் பலவற்றில் இன்னும் திறந்திருக்கிறது. படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் பிரைம்95 மென்பொருளை ஓடவிட்டுத் தடுமாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மார்கழிக் குளிரில் செய்த சோதனை சித்திரைக்குச் செல்லாது. ஏசியை அணைத்துவிட்டு, பகல் மூன்று மணிக்கு, கேபினெட்டை மூடிவைத்தே ஓட்டிப் பார்க்க வேண்டும்.